ரசாயனமா, பௌதிகமா?

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு.

அக்காள் மகள் செல்லத்துக்குச் சிங்கப்பூர்க் காலேஜில் ரசாயனமும் பௌதிகமும் சேர்த்துப் படிக்க வேண்டுமாம். ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சிபாரிசு கேட்க, அவரிடம் கணக்கெழுதும் கிராணியிடம் அவளை அழைத்துப் போனேன்.

"பொம்பளப் புள்ளைக்கு ரெண்டு எதுக்கு? ஒண்ண விட்டுடு லா" என்று சிரித்தார்.

"ரப்பர் பால்ல திராவகம் ஊத்துனா உறையுறது ரசாயனம் ஐயா. உறைஞ்சத இழுத்தா நீளுறது பௌதிகம். எதை விடட்டும்?" என்றாள் செல்லம்.

கிராணியின் மீசையே உறைந்துவிட்டது. "துரைகிட்ட பேச முடியாது, போங்க!" என்றார்.

நான் எழுந்து கர்ஜித்ததில் கோலா பிலா டவுன் வரை ரப்பர் மரங்கள் தாமாகப் பால் சொரிந்தன. "தாய்மாமன் நான் இருக்கேன்யா! மூணாவதா ஒண்ணு இருந்தா அதையும் படிப்பா!"

காலையில் துரை பங்களாவுக்கு நாங்களே போகிறோம். அவரும் மறுத்தால் செல்லத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சிங்கப்பூருக்கு நீந்திவிடுவேன். எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் செல்லத்திடம் இன்னும் சொல்லவில்லை.