மெழுகுக்குள் இருக்கும் கன்னத்துத் துணுக்கு

பாசமுள்ள அண்ணா,

உங்கள் நலம் கேட்க வழியில்லை. என் நலத்தைச் சொல்கிறேன். எனக்கும் புற்றுநோய் வந்துவிட்டது, உங்களுக்கு வந்த அதே இடது கன்னத்தில். மாசி மாதம், கோயம்புத்தூரில் உங்களுக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டர்தான் வெட்டி எடுத்தார். சாப்பிடுகிறேன், பேசுகிறேன். மெஷின் சத்தத்தில் ஆளைக் கூப்பிட விசில் அடிப்போமே, அது மட்டும் வரவில்லை.

புகையிலைப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டார். நிட்டிங் கம்பெனிக்குள் பஞ்சு பறக்கும், பீடி பற்றவைத்தால் சீட்டு கிழிந்துவிடும் என்றேன். அதனால்தான் கன்னத்தில் அடக்கிக்கொண்டோம், நெருப்பில்லாத பழக்கம், யாருக்கும் ஆபத்தில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உங்கள் கட்டியும் என் கட்டியும் ஏறக்குறைய ஒரே அளவாம். உங்களுக்கு முழுதாக எடுத்த பிறகும் திரும்பி வந்தது. எனக்கு வருமா? இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார். கட்டியில் இருக்கும் சில புரதங்களின் அளவை வைத்து, யாருக்குத் திரும்பி வரும் என்று முன்பே கணிக்க முடியுமா என ஆராய்கிறார்களாம். நமக்குப் புரியாததா? இரண்டு ரோல் சிவப்புத் துணி கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். துண்டு வெட்டித் துவைத்துப் பார்த்தால்தான் எது சாயம் விடும் என்று தெரியும்.

அதற்கு, முன்பு வைத்தியம் பார்த்துக்கொண்ட நோயாளிகளின் சதைத் துணுக்கும் வேண்டுமாம். உங்களுடையது, கெடாமல் இருக்கப் பதித்த மெழுகுக்கட்டிக்குள், ஆஸ்பத்திரியில் இன்னும் இருக்கிறது. சம்மதம் கேட்பதற்காக அண்ணியைக் கூட்டிப்போனேன்.

"இது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அவரு இருந்திருப்பாருங்களா?" என்று அண்ணி கேட்டார். தெரியாதம்மா என்றார் டாக்டர். பொய் சொல்லாததால் அவரை எனக்குப் பிடித்தது.

பிறகு அண்ணி சொன்னார்: "எடுத்துக்குங்க. ஆனா வேலை முடிஞ்சதும் தூக்கிப் போட்டுராதீங்க. அவரோடதுன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதானுங்க."

உங்களை முழுவதும் எரித்துவிட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. தையல் போட்ட கன்னம் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஆராய்ச்சி எப்போது முடியுமோ, எனக்கென்று ஒரு பதில் அதிலிருந்து வராதாம். மாதாமாதம் போய் வாயைத் திறந்து காட்டுவதுதான் எனக்கு இருக்கிற வழி. நீங்களும் ஆரம்பத்தில் போனீர்கள். அப்புறம், "ஷிப்மென்ட் போகட்டும்டா, பாத்துக்கலாம்" என்றீர்கள். ஷிப்மென்ட் எல்லாம் நேரத்துக்குப் போனது.

புகையிலையை விட்டுவிட்டேன். இந்த வாரமும் ஷிப்மென்ட் இருக்கிறது, லீவு கிடையாது என்கிறார் மேனேஜர். இருக்கட்டும். வியாழக்கிழமை காலை அவிநாசிபாளையத்தில் பஸ் ஏறிவிடுவேன் அண்ணா. அடுத்த மாதமும் ஏறுவேன். வாயைக் காட்டிவிட்டு, உங்கள் துணுக்கு பத்திரமாக இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டு வருகிறேன்.

உங்கள் பக்கத்து மெஷினில் இன்னும் நிற்கும்
தம்பி சிவராசு