எலுமிச்சம்பழத்தை நசுக்கியவன்

7 மே 1966, சனி

பழைய காருக்கு வேறு இன்ஜின் பொருத்தி முடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. இன்று காலை சிராங்கூன் சாலைக் கோயில் வாசலில் அதற்குப் பூசை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நான் நிமிர்வதற்குள், என் மச்சினன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டான். ஒரு நட்டுகூட முடுக்காதவன். “பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க லா, அத்தான்” என்று சிரித்தவன்.

“தம்பி ஆசையா உட்கார்ந்துட்டான், விடுங்க” என்றாள் மனைவி.

பழங்களை அவன்தான் நசுக்கினான். நான் பின்சீட்டில் தேங்காய்த் தட்டோடு வந்தேன்.

“நாளைக்குச் சாங்கி கடற்கரைக்கு எடுத்துட்டுப் போறேன் அத்தான்” என்கிறான். கேட்கவில்லை, சொல்கிறான்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டரைக் கழற்றிவிட்டேன். அது இல்லாமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இப்போது அது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சாங்கிவரை தள்ளிக்கொண்டு போகட்டும்.