பேல் சுற்றிய துணி

திருப்பூர்
29.1.2008

அன்புள்ள மாப்பிள்ளை ஆத்தப்பனுக்கு, மச்சான் கந்தப்பன் எழுதுவது.

நம் வேன் எரிந்துவிட்டது. நீங்கள் சொல்லித் தெரியவில்லை, டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கென்யா தேர்தல் கலவரம் என்று இங்கிலீஷ் சேனலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வேனைக் காட்டினான். சரிந்து கிடந்த பனியன் பேல் மூட்டைகளில் சுற்றிய ஆரஞ்சுத் துணியும் நம் மயில் மார்க்கும் தெரிந்தன. உங்கள் அக்கா சாமியாத்தாள், "ஏனுங்க, அது நம்மூட்டுச் சரக்குங்களா?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு இனம் வெட்டிக்கொள்கிறது என்கிறான். நம் தமிழ்ப் பேப்பரில் மூன்றே வரி, ‘ஆப்பிரிக்காவில் இனக் கலவரம்’. எந்த நாடு என்றுகூடப் போடவில்லை. உங்களுக்குப் போன் போகவில்லை. சரக்கு போனால் போகட்டும். டிரைவர் பீட்டர் பிழைத்தானா? நைரோபிக் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பி வாருங்கள்.

மச்சான்
கந்தப்பன்

நைரோபி
11.2.2008

மதிப்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். அக்காவிடம் சொல்லுங்கள். பீட்டர் போய்விட்டான்.

டிவியில் காட்டுவதுபோல நாடு முழுக்க எரியவில்லை; நேற்று மார்க்கெட்டில் தக்காளி வாங்கினேன். இங்குள்ள பேப்பரோ, எங்கும் அமைதி என்கிறது. அந்த அமைதியில்தான் பீட்டரைப் புதைத்தோம்.

வேனை மறித்தவர்கள் பீட்டரின் சொந்த இனத்துப் பையன்கள், அவன் பாஷை பேசுகிறவர்கள். அந்த இனம் ஆளுங்கட்சிப் பக்கம்; ஆரஞ்சு எதிர்க்கட்சி நிறம். அதைப் பார்த்ததும், நம் ஆளே அவர்களுக்குக் கொடி சுமக்கிறானா என்று இறக்கிக் கொன்றிருக்கிறார்கள். உள்ளே இருந்தது பள்ளிக்கூடத்து வெள்ளைப் பனியன். சாக்குக் காசை மிச்சம் பிடிக்க, அந்தக் கட்சியின் தேர்தல் பனியன் ஆர்டரில் மீந்த துணியை நீங்கள் சுற்றி அனுப்பினீர்கள். துறைமுகத்தில் நானும் பார்த்தேன். பிரிக்கச் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு இனச் சண்டைக் கதையில் இது பொருந்தாததால் டிவிக்காரன் பீட்டரின் பெயரையே சொல்லவில்லை. உள்ளூர்ப் பேப்பர், ‘எதிர்க்கட்சிப் பிரசாரப் பொருள் ஏற்றிய வேன்’ என்று எழுதிவிட்டது. அந்த ஒரு வரியால் அவன் மனைவி வாஞ்சிருவையும் மூன்று பிள்ளைகளையும் துரோகி குடும்பம் என்று ஊரில் தங்க விடவில்லை. அது பேக்கிங் துணிதான் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்தால் திருத்தம் போடுவதாகப் பேப்பர்காரர் சொல்கிறார். நாலு வரி போதும் மச்சான். உடனே அனுப்புங்கள்.

ஆத்தப்பன்

திருப்பூர்
22.2.2008

மாப்பிள்ளைக்கு,

சுற்றச் சொன்னது நான்தான், மறைக்கவில்லை. வீரபாண்டிச் சாயப்பட்டறையில் சாயம் போட்ட துணி மீந்தது. கூடவே நின்று சுற்ற வைத்தேன். இருபது வருஷமாக அப்படித்தான். துணிக்கு நிறம் உண்டு, கட்சியும் உண்டு என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் லெட்டர்ஹெட்டில் எழுத முடியாது. ஆரஞ்சும் நாம்தான் போட்டோம், அவர்களை எதிர்த்து நின்றவர்களின் நீலமும் நாம்தான் போட்டோம். அது வெளியே வந்தால் நாளைக்கு இரண்டு கட்சிக்காரர்களும் உங்கள் கடை வாசலில் நிற்பார்கள். நம்மிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையர் ஒரு நூல் பிசிறுக்கே கன்டெய்னரைத் திருப்புகிறவன். செத்த ஆளோடு நம் மார்க் பேப்பரில் வந்தால் நூற்றி நாற்பது பேருக்கு வேலை இருக்காது. அந்தப் பெண்ணுக்குப் பணம் கொடுங்கள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

கந்தப்பன்

நைரோபி
7.3.2008

மச்சானுக்கு,

தலைவர்கள் கைகுலுக்கிவிட்டார்கள். டிவிக்காரர்கள் ஓட்டலைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். வாஞ்சிரு மட்டும் அந்தப் பேப்பர் துண்டை மடித்து வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பணத்தை நீட்டினேன். மேஜையிலேயே வைத்துவிட்டாள். பணம் வேண்டாமாம், தாள் வேண்டுமாம். "நீங்கள் எழுதினால் என் பிள்ளைகள் ஊருக்குள் போகலாம்" என்றாள்.

நான் கையெழுத்துப் போட்டால் செல்லாது. கம்பெனி உங்கள் பெயரில் இருக்கிறது. தாள் அனுப்புங்கள். இல்லையென்றால் நம் வியாபாரக் கூட்டைப் பிரித்துவிடலாம்.

ஆத்தப்பன்

திருப்பூர்
20.3.2008

ஆத்தப்பனுக்கு,

அந்தத் தாளை நான்கு முறை எழுதினேன். சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, நான்கையும் கிழித்தேன். உங்கள் அக்கா என்னோடு பேசுவதில்லை. நேற்றும் அந்தச் சேனலைப் போட்டுப் பார்த்தேன். கென்யா இல்லை, வேறு ஏதோ ஊர் எரிந்தது.

கூட்டைப் பிரிக்கப் போனில் நீங்கள் "சரிங்க" என்றபடியே எழுதுகிறேன். நைரோபிக் கடையும் அங்குள்ள சரக்கும் உங்களுக்கு. மயில் மார்க் எனக்கு. இனி இங்கிருந்து போகும் பேல் எல்லாம் வெறும் சாக்கில் போகும். வாஞ்சிருவுக்குத் தாள் கிடையாது.

கந்தப்பன்