பன்னிரண்டு தாள்களின் பின்பக்கம்

டெனிலிக்வின்,
அக்டோபர் 12

அன்பு மகள் நெரிடாவுக்கு,

இங்கே நான், அம்மா, நாய் மூவரும் சுகம். பெர்த்தில் நீயும் சுகமாக இருந்து வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்ல அம்மா எழுதியது, அதில் பாதியை அவள் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருப்பாள் என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது. இதை நானே எழுதுகிறேன். நூலகத்தின் புதன்கிழமை வகுப்பில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆயிற்று. காலைத் தேநீர் குடித்துவிட்டு உட்கார்ந்தவன் இந்த வரிக்கு வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக ஒரு காலைப் பொழுதை நான் கழித்ததில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எழுபத்திரெண்டு வயசுல பரீட்சையா எழுதுற, பேனாவ அவ்வளவு அழுத்தாத, மேசையில பதியுது" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பதாம் தேதி பல்கலைக்கழக வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஆட்டை மோப்பம் பிடிக்கும் உன் மூக்குப் பெட்டியை விற்கக் கம்பெனி தொடங்கப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். பன்னிரண்டு பண்ணைக்காரர்களில் பதினொரு பேர் வாங்குவார்கள் என்று அந்த டோரியன் கணக்குச் சொன்னதாகவும் சொன்னாயாம். அந்தப் பன்னிரண்டு பேரிடமும் சோதித்துப் பார்க்கச் சொல்லி ஆளுக்கொரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சிக்காரர்களை வியாபாரிகளாக்க உங்கள் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அலுவலகத்திலிருந்து ஆகஸ்டில் அவன் வந்தான், ஞாபகம் இருக்கும். அவன் போட்டிருந்த பூட்ஸில் அதுவரை ஆட்டுப் புழுக்கை பட்டதே இல்லை. நம் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, "கண்டுபிடிப்பு பெரிய விஷயமில்ல வெர்ன், அத எப்படிக் கதையா சொல்றோம்கிறதுதான் விஷயம்" என்றான். ஈ முட்டையிட்டு, ரோமத்துக்குள் புழு நெளியும் ஆட்டை மனிதக் கண்ணுக்குத் தெரியும் முன்பே நாற்றத்தை வைத்துப் பிடித்து விளக்கேற்றும் பெட்டியைச் செய்ய நீ ஆறு வருஷம் புழுவோடு குடித்தனம் நடத்தினாய், இவனுக்கு அது பெரிய விஷயமில்லை. நீ இதுவரை என்ன விற்றிருக்கிறாய் என்று அவனைக் கேட்டேன். நாற்பது பேருக்கு விற்கக் கற்றுக் கொடுத்திருக்கிறானாம். அந்த நாற்பது பேர் என்ன விற்றார்கள் என்று கேட்டேன், அதற்குள் அவனுக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

நான் இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்கிறேன் என்று அம்மா பெருமையாகச் சொன்னதும் அவன் என்ன செய்தான் தெரியுமா, சிரித்த மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, கோபித்த மூஞ்சி என்று மூன்று படம் போட்ட தாளைப் பண்ணைக்கு ஒன்றாக அனுப்பினான். "நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம் வெர்ன், பண்ணைக்காரங்கள ஒரு மூஞ்சியில டிக் போட வெச்சா போதும்." எனக்கு வந்த கோபத்துக்கு, ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் நான் பார்த்ததையும் அவர்கள் பேசியதையும் வண்டியில் உட்கார்ந்து நானே எழுதினேன். கீத் ரட்லி சிரித்த மூஞ்சியில் டிக் போட்டு, "உம் பொண்ணு கெட்டிக்காரி வெர்ன், இது இல்லாம எப்படி இருந்தோம்னே தெரியல" என்றான். பெட்டி நான் கொடுத்த பையிலேயே மருந்து டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது, பையின் முடிச்சு நான் போட்ட முடிச்சு. மார்வின் அதைக் கீறல் படாமல் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்திருந்தான், அங்கே எந்த ஆடு வரும்? பதினொரு பேரும் இதே ரகம். நாற்பது வருஷம் அவர்கள் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தவன் நான், என் முகத்துக்கு நேரே என் மகளின் பெட்டி வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. இந்த ஊரில் யாரும் எந்தப் புது இயந்திரத்தையும் குறை சொன்னதில்லை. புகழ்ந்து வாங்கிக் கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடிக்க விட்டிருக்கிறார்கள், போய்ப் பார்த்தால் தெரியும். டோரியன் பின்னால் போய்ப் பார்க்கவில்லை, பூட்ஸ் அழுக்காகிவிடும்.

பன்னிரண்டாவது டல்சி ஹாரப். அவள் கணவன் ஸ்டான் போய்ச் சேர்ந்ததிலிருந்து தொள்ளாயிரம் ஆட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். அவள் கோபித்த மூஞ்சியில் போட்ட டிக்கில் தாளே கிழிந்துவிட்டது. "இதச் செஞ்சவளுக்கு வெயில்னா என்னன்னே தெரியாதா? வெளக்கு எரியுதான்னு பாக்க நான் மண்டி போட வேண்டியிருக்கு. எறும்பு குடும்பத்தோட உள்ள குடியிருக்கு. வெள்ளக் கிளி ஒயரக் கடிச்சு வெச்சிருக்கு" என்று அரை மணி நேரம் திட்டினாள். எனக்கு முகம் செத்துவிட்டது. சரி கொடு, எடுத்துப் போகிறேன் என்றேன். "கைய வெச்சுப் பாரு வெர்ன், முறிச்சிடுவேன்" என்றாள். ஆடுகள் குடிக்க வரும் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப் போனாள். எறும்பு ஏறாமல் நான்கு கால் நட்டு, கால்களில் கிரீஸ் தடவி, ரொட்டி சுடும் தகரத் தட்டால் பெட்டிக்குக் கூரை போட்டு, ஸ்டானின் மோட்டார் சைக்கிள் பின்விளக்கைக் கழற்றி அதில் பொருத்தியிருக்கிறாள். வீட்டு வாசலிலிருந்தே சிவப்பு தெரிகிறது. ஒன்பது நாளில் புழு வைத்த மூன்று ஆட்டைப் பிடித்தாளாம், மூன்றும் உயிரோடு மேய்கின்றன. பெட்டி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, என்னால் மீட்க முடியவில்லை.

இதை டோரியனிடம் தொலைபேசியில் சொன்னேன். "அந்தம்மா நம்ம வாடிக்கையாளரே இல்ல வெர்ன், விட்டுத் தள்ளுங்க, பதினொண்ணு தங்கம்" என்றான். தாள்களின் முன்பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பும்படி அம்மாவிடம் சொன்னவன் அவன். பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. படித்தவன்.

நெரிடா, உன் பெட்டி நல்ல பெட்டி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதினொரு சிரிப்பை நம்பி வேலையை விடாதே. விடுப்பு கேட்டு, ஈக்காலம் முடியும்வரை இங்கே வந்து டல்சியோடு இரு. "அந்தப் பொண்ண வரச் சொல்லு, எல்லாத்தையும் மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்" என்று அவளும் சொல்லிவிட்டாள். அவள் திட்டி முடித்த பிறகு ராஜினாமாவைப் பற்றி நீயே முடிவு செய், நான் குறுக்கே வர மாட்டேன்.

இருமல் இருந்தால் அசட்டையாக இருக்காதே. தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. நீ எடுத்த காரியம் நல்லபடி நடக்க அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். பன்னிரண்டு தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். முன்பக்கத்தை டோரியன் பார்த்துவிட்டான். நீ பின்பக்கத்தைப் படி, அது அப்பா எழுதியது.

உன் அப்பா,
வெர்னன் டல்லக்