தானாக எரியும் விளக்குக்கு வைத்த சந்தனப் பொட்டு

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது பாதிதான் உண்மை என்பதால் கை நின்றுவிட்டது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பிக்கொண்டு மீதியை எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் நல்ல போன் நைனாவுடையது ஒன்றுதான், சவாரிக்குக் கூப்பிடுவார்கள் என்று அதைக் கையை விட்டு இறக்கமாட்டார், நீ பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுவார். என் பட்டன் போனில் பேசலாம் என்றால் நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில் எந்நேரமும் பக்கத்தில் ஆள் நிற்கும். எழுதினால்தான் எனக்கு வாயில் வராதது வரும். நம் குடும்பத்தில் முதல் டிகிரி என்று பெயர்தானே தவிர, கல்லூரியில் பதில் தெரிந்தும் எழுந்து நிற்காமல் பரீட்சைத் தாளில் மட்டும் பேசிவிட்டு வந்தவள் நான். அதனால் பொறுமையாகப் படி.

நைனா கார் முன்விளக்குக்கு என்று நீ அனுப்பிய ஆட்டோமேட்டிக் லைட் பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. நைனா அதைப் பிரிக்காமலே ஒரு நாள் முழுக்க வண்டியின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு சுற்றினார், கார் ஸ்டேண்டில் எல்லாருக்கும் காட்டுவதற்கு. அப்புறம் திண்டிவனம் ரோட்டில் நம் வண்டிக்கு எப்போதும் வயரிங் பார்க்கிற வெற்றிவேலிடம் கொண்டுபோனார், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெற்றிவேல் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற மூடியைக் கழற்றி, லைட் சுவிட்சுக்குப் போகிற வயரில் அந்தக் கறுப்புப் பெட்டியைச் சேர்த்துக் கட்டினார். சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று இருந்ததே, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற கண், அதை முன்கண்ணாடிக்கு உள்பக்கம், நம் அங்காளம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டிவிட்டு அதன் மேல் துண்டைப் போட்டார், முன்விளக்கு இரண்டும் எரிந்தன, துண்டை எடுத்தார், அணைந்தன. எனக்கே கைதட்ட வேண்டும் போல இருந்தது. உன் நைனாவுக்கு மட்டும் ஒரு குறை. சாயந்திரம் முதல் தடவை லைட்டைப் போட்டதும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாரே, அந்த நேரம் வண்டியில் யார் இருந்தாலும் பேச்சை நிறுத்திவிடுவாரே, தானாக எரிந்தால் நான் எப்பதான் கும்பிடறது என்று கேட்டார். எரியும்போது கும்பிடுங்கண்ணே, அது இன்னா ஓடியா பூடும் என்றார் வெற்றிவேல். சிரித்துக்கொண்டே வந்தோம்.

புதுசாக எது வண்டியில் ஏறினாலும் பூஜை போடாமல் நைனா எடுக்கமாட்டார் என்று உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் வண்டியைக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, ஸ்டீயரிங்குக்கும் அம்மன் படத்துக்கும் சந்தனம் வைத்த கையோடு உன் பொத்தானுக்கும் கட்டை விரலால் நல்ல பொட்டாக வைத்துவிட்டார், நடுக் கண்ணிலேயே. நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் தோன்றவில்லை. அன்றைக்குப் பட்டப்பகலில் விளக்கு எரிந்தபடியே வண்டி ஓடியது. எதிரில் வருகிறவன் எல்லாம் விரலைக் குவித்துக் குவித்து விரித்து லைட் எரியுது, லைட் எரியுது என்று காட்டினானாம், நைனா அவர்களுக்குக் கை அசைத்துவிட்டு, என் பொண்ணு அனுப்பினது, ஆட்டோமேட்டிக், அதுக்குத் தெரியும் எப்ப எரியணும்னு என்று உள்ளே இருக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டு போனாராம். ரொம்ப சந்தோஷமாக இருந்தார். அந்த வாரம் முழுக்க அவர் அப்படி இருந்ததை நான் கவனித்தேன், காரணம்தான் அப்போது புரியவில்லை.

இதற்கு முன்னால் ஸ்டேண்டில் அவரை ஒரு கேலி பேசுவார்கள். நைனா எல்லாரையும்விட முன்னாடியே லைட்டைப் போட்டுவிடுகிறார் என்று பெரியதம்பி, அவர்தான் ஸ்டேண்டில் மூத்த டிரைவர், இன்னா அரங்கநாதா, மாடு வீடு திரும்பறதுக்குள்ள விளக்கு வச்சிட்ட, மகாலட்சுமி வருவான்னு பாக்கிறியா, அது உன் வீட்லதான குந்திக்கினு இருக்குது என்று என் பேரையும் சேர்த்து இழுப்பாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார், ஆனால் சாப்பாட்டில் கை சரியாகப் போகாது. விளக்கு தானாக எரிய ஆரம்பித்ததும் அந்தக் கேலி நின்றுவிட்டது. மெஷின் எரிக்கிறது, மனுஷனை என்ன சொல்வது?

பகலெல்லாம் எரிந்தால் பல்பு போய்விடுமே என்று நான்தான் வெற்றிவேலிடம் மறுபடி காட்டச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, சொல்லியிருக்காவிட்டால் தெரிந்தும் இருக்காது. வெற்றிவேல் எட்டிப் பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அண்ணே, கண்ணுக்கு மேலயே சந்தனத்த அப்பிட்டு அதுக்கு ராத்திரின்னு காட்டிக்கினு இருக்கியே என்று சொல்லி நகத்தால் சுரண்டிவிட்டார். விளக்கு அணைந்தது. அன்று சாயந்திரத்திலிருந்து நைனாவுக்குக் குறை ஆரம்பித்தது. இது லேட்டா எரியுது, கோளாறு என்றார். வெற்றிவேல் பெட்டியில் இருக்கிற சின்ன திருகைத் திருப்பிச் சீக்கிரம் எரிய வைத்தார். அதுவும் லேட் என்றார். இன்னும் திருப்பினார். கடைசியாக ஒரு சாயந்திரம் நான் கடையிலிருந்து நேராக அங்கே போனேன், இரண்டு பேரும் ரோட்டோரம் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நைனா, பாரு, இருட்டிப்போச்சு, இன்னும் எரியல பாரு என்றார். வானம் அப்போதுதான் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது குழலி. ராஜகிரிக் கோட்டை உச்சியில் இருக்கிற மண்டபம்கூட எனக்குத் தெரிந்தது. வெற்றிவேல், இருட்டா, எனக்கு இன்னும் வெளிச்சமாத்தானண்ணே இருக்குது என்று சாதாரணமாகச் சொன்னவர், சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இதுக்கு மேல திருப்பினா பகல்லயும் எரியும்ண்ணே, இருக்கட்டும் என்று மூடியை மாட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் வண்டி துடைக்கும்போது நைனா சந்தனக் கிண்ணம் கேட்டார். அம்மனுக்கு வைத்தார், ஸ்டீயரிங்குக்கு வைத்தார், உன் பொத்தானுக்கும் வைத்தார், முன்னைவிடத் தடிமனாக. அன்றிலிருந்து தினமும் வைக்கிறார். பக்தி என்று யாரும் நினைத்துக்கொள்ளட்டும். அப்போதுதான் எனக்கு, இவருக்கு இது தெரியும், எனக்கு முன்னாலேயே தெரியும் என்று புரிந்தது. அதற்குப் பிறகு பார்த்தால் எல்லாமே கண்ணில் படுகிறது. பொழுது சாய்ந்தால் கடைத் தெருவுக்கு நடந்து போகமாட்டேன் என்கிறார். பூட்டைத் தடவிச் சாவி போடுகிறார். டம்ளரை நான் கையில் கொடுத்தால்தான் வாங்குகிறார், தரையில் வைத்தால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையால் தேடுகிறார். காலையில் ஒன்றுமே இல்லை, பேப்பரில் பொடி எழுத்தைப் படிக்கிறார், அதனால்தான் நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. மாலைக்கண்ணா, புரையா, வேறு எதுவா, எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்ல வேண்டியது.

போன வாரம் மேல்சித்தாமூருக்கு ஒரு சாவு விசாரிக்க நாங்கள் இரண்டு பேரும் போய்த் திரும்பினோம். அந்த ரோட்டில் மல்லாட்டைக் கடலையைப் பாதி ரோடு வரை காயப் போட்டு ஓரத்தில் கல் வரிசை வைத்திருப்பார்கள், உனக்குத் தெரியும். பொழுது இறங்குகிற நேரம், விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா குனிந்து துடைப்பத்தால் மல்லாட்டையைக் குவித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன், அவரும் பார்த்திருப்பார் என்று இருந்தேன். வண்டி கல் மேல் ஏறியதும்தான் கத்தினேன். அந்த அம்மா வரப்புப் பக்கம் குதித்துவிட்டாள், அடி ஒன்றும் இல்லை, துடைப்பம்தான் சக்கரத்துக்குக் கீழே. பாவி மனுஷா, கண்ணு பொட்டையா உனக்கு என்று அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வேறு நாளாக இருந்தால் ரோட்டை உன் பேருக்கு எழுதி வச்சிருக்கா என்று நைனா திருப்பிக் கேட்டிருப்பார். அன்று இறங்கி, அவளோடு உட்கார்ந்து சிதறின மல்லாட்டையைக் கையால் பொறுக்கிப் போட்டார். லைட்டு கோளாறும்மா, பொண்ணு அனுப்பினது, சரியா எரிய மாட்டேங்குது என்றார். விளக்கு இரண்டும் அவள் முகத்தில் எரிந்துகொண்டிருந்தன. அவள் விளக்கைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், அப்புறம் குரலை இறக்கி, சரி போய்யா, பாத்துப் போ என்றாள். திட்டினதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன் குழலி, கேட்காமல் இல்லை. ஒருநாள் பாண்டிச்சேரி போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வரலாமா என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கண்ணுல ஏதோ இருக்குதுன்னு ஸ்டேண்ட்ல ஒருத்தனுக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் என் வண்டில ஏறுவான், நீயே சொல்லு என்றார். அது நிஜம்தானே. சந்தனத்தைத் துடைத்து எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை வண்டிக்குள் போய்விட்டு வந்தேன். துடைத்தால் விளக்கு லேட்டாக எரியும், கேலிக்குப் பயந்து கையால் சுவிட்சைப் போடமாட்டார், அதுவரை அவர் இருட்டில் ஓட்டுவார். விட்டாலோ, மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று ஓட்டிக்கொண்டே இருப்பார். இரண்டிலும் எது பாவம் என்று தெரியாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நீ நல்ல மனசோடுதான் அனுப்பினாய், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவர் ஒளிந்துகொள்ள அது ஒரு இடமாகிவிட்டது.

இப்போது வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூர் சவாரி ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறார். சிங்கவரம் ஜெயராமன் குடும்பம், சின்னப் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் வருகிறார்கள். அம்மன் ஊஞ்சல் பார்த்துவிட்டு நடு ராத்திரிக்கு மேல் திரும்புவது, அந்தக் கூட்டமும் ஸ்பெஷல் பஸ்ஸும் எதிர்லைட்டும் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். ஜெயராமன் ரேஷன் கார்டு நகல் எடுக்க எங்கள் கடைக்கு வந்தார். வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது என்று தொண்டை வரை கொண்டுவந்துவிட்டேன். அவர் முந்திக்கொண்டு, அரங்கநாதன் வண்டின்னா கண்ண மூடிக்கினு தூங்கலாம்மா, அதான் புள்ளைங்களயும் இட்டுக்கினு போறோம் என்றார். நகலை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். அமாவாசைக்கு முன்னால் நாலு நாள் லீவு போட்டுக்கொண்டு வர முடியுமா பார். கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து உனக்குக் கண் எரிகிறது, பாண்டிச்சேரியில் காட்ட வேண்டும் என்று சொல். உனக்கு என்றால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார், பகலிலேயே கூட்டிக்கொண்டு போவார், பக்கத்தில் உட்காரவும் உட்காருவார். அங்கே போன பிறகு அவரையும் ஒரு தடவை நாற்காலியில் உட்காரவைப்பது உன் சாமர்த்தியம். என் பேச்சு எடுபடாத இடத்தில் உன் பேச்சு எடுபடும்.

நேற்று சாயந்திரம் கால் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அமாவாசைக்கு நீயும் வாயேன், முன்னாடி உக்காந்துக்கோ, அங்காளம்மனைப் பாத்து நாளாச்சு இல்ல என்றார். சவாரி வண்டியில் வீட்டு ஆளை ஏற்றுவது சவாரிக்காரருக்கு இடைஞ்சல் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவை அவர் என்னை ஏற்றியதில்லை. சரி என்றுவிட்டேன். பின்னால் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டு வரும், முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துச் சொல்லப் போகிறவளுக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதடி.

வேறு விசேஷம் இல்லை. மழையில் நனையாதே, ராத்திரி ஷிப்டு முடிந்தால் தனியாக வராதே, கம்பெனி பஸ்ஸிலேயே வா. நீ நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும், நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டும், இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஞாபகமாக ஒன்று. போனில் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. லைட்டு எப்படி இருக்குது நைனா என்று வழக்கம்போலக் கேள், நல்லா எரியுதும்மா என்பார். அதோடு விட்டுவிட்டு, என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
அ. மகாலட்சுமி