பெட்டிமேல் வைத்த கை

அன்புள்ள ஆதிலட்சுமிக்கு,

நான் சௌக்கியம். உன் இடுப்பு வலி கம்மியாயிற்றா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? போனில் பேசவிடாமல் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்டூடியோவில் ஒரு பாட்டு மிக்ஸிங். பாட்டு சத்தம் குறைவாகத்தான் கேட்டது. ஆனால் கம்ப்யூட்டரில் சத்தத்தை அளக்கும் லெவல் மீட்டர், அளவு மீறிவிட்டது என்று சிவப்பைத் தொட்டுக்கொண்டே இருந்தது. கீழ்பென்னாத்தூரில் மைக்செட் போட்ட பழக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தேன்.

"ஸ்பீக்கருக்கு ஜுரமா வல்லரசு?" என்று சிரித்தார் எங்கள் இன்ஜினியர் பூஜா மேடம்.

"இல்லைங்க மேடம், அடியில என்னமோ அதிருது. காதுக்குத்தான் கேக்கல."

அவர் சத்தத்தைக் கனத்தது, மெல்லியது என்று பிரித்துக் காட்டும் ஈக்வலைசர் படத்தைத் திறந்தார். இடது ஓரத்தில், ரொம்பக் கனத்த சத்தத்துக்கான இடத்தில், அண்ணாமலை போல ஒரு மேடு. பாடும்போது ஓடிய ஏசியின் அதிர்வு அது. அதை வெட்டியதும் மீட்டர் பச்சைக்கு இறங்கியது, பாட்டு அப்படியே இருந்தது. இப்போது நான் தொட்டுப் பார்த்த பிறகுதான் எந்தப் பாட்டும் வெளியே போகிறது. மைக்செட்காரனுக்கு மும்பையில் என்ன வேலை என்று கேட்ட உன் அண்ணனிடம் இதைச் சொல்.

மேடம் கூப்பிடுகிறார். வீட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் போனில் பதிவு செய்து அனுப்பு. மிக்சி, பாப்பா அழுவது, நீ திட்டுவது, எதுவானாலும் சரி. மீட்டர் சிவப்புக்குப் போனாலும் நான் குறைக்க மாட்டேன்.

உன்,
வல்லரசு