மணி கோத்த காலையில் மாப்பிள்ளை கேட்டது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பதாக அம்மா சொன்னாள், அதை உன் வாயால் கேட்டிருந்தால் இன்னும் நிறைவாக இருந்திருக்கும். நான் போனை எடுத்தால் "வேலையா இருக்கேன்பா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். முன்பெல்லாம் அம்மாவிடம் பேசி முடித்த பிறகு என்னோடு சண்டை போடுவதற்கென்றே தனியாக நேரம் வைத்திருப்பாய். ஏன் இப்படி என்று போன வாரம்தான் தெரிந்தது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "மாப்பிள்ளை உங்ககிட்ட நம்ம தூண்டில் கடையில சேர்ந்துக்கவான்னு கேட்டாராமே, முகத்துல அடிச்ச மாதிரி பேசிட்டீங்களாமே" என்றாள். வெங்காயத்துக்கு அவள் கண் கலங்கவில்லை, எனக்குத்தான் கலங்கியது.

அவர் கேட்டதே எனக்குத் தெரியாது கண்ணு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், படித்துவிட்டு நீ என்ன வேண்டுமானாலும் திட்டு. நீங்கள் வந்திருந்தபோது ஒரு காலையில் நானும் மாப்பிள்ளையும் தூண்டிலை எடுத்துக்கொண்டு அலைத்தடுப்புச் சுவருக்குப் போனோம் அல்லவா, முந்தின நாள் பெய்த மழையில் ஆற்றுத் தண்ணீர் இறங்கிக் கடல் டீ நிறத்தில் கிடந்தது. மாப்பிள்ளை தன் வழக்கப்படி வெறும் முள், ஈயம், ஈயம் இடித்து முடிச்சு தேயாமல் இருக்க நடுவில் ஒரே ஒரு மணி, அவ்வளவுதான் கட்டியிருந்தார். நல்ல முடிச்சு, குறை சொல்ல முடியாது. உங்கள் பக்கத்துத் தெளிந்த தண்ணீருக்கு அது போதும், அங்கே நாலு மணி கோத்தால் மீன் மிரண்டு ஓடிவிடும். கலங்கலில் அப்படி இல்லை, இரைக்கு முன்னால் ஏதாவது ஒன்று மீனின் கண்ணில் பட வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா, பையைத் திறந்து ஒளிரும் பச்சை மணி, சிவப்பு மணி, சுழன்று மின்னுகிற சின்னத் தகடு, நண்டு தின்னாமல் இரையைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கிற மிதவை மணி என்று எல்லாவற்றையும் சுவர்மேல் பரப்பிவிட்டேன். பக்கத்தில் வானொலி இருந்தார், உனக்குத் தெரியுமே, வாய் மூடாத அந்தத் தச்சர். "மாப்பிள்ளைக்கே கடை விரிக்கிறாரே மனுஷன், தள்ளுபடியாவது உண்டா" என்றார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு, "இதெல்லாம் மீனுக்கா மாமா, இல்ல மீன் பிடிக்கிறவனுக்கா" என்று கேட்டார். பாதி மீனுக்கு, பாதி கண்ணாடி அலமாரிக்கு வெளியே நிற்கிறவனுக்கு, எது எந்தப் பாதி என்று தெரிந்தவன்தான் வியாபாரி என்று நான் உள்ளதைச் சொன்னேன்.

அன்றைக்கு என் முள்ளில் மீன் ஏறிக்கொண்டே இருந்தது, அவருக்கு ஒன்றுகூட இல்லை. நான் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினேன், "மாப்பிள்ளை ஈயத்தைக் குளிப்பாட்டிட்டு இருக்கார்" என்று வானொலி சுவர் முழுவதும் அஞ்சல் செய்தார். அப்போதுதான் மாப்பிள்ளை கடலைப் பார்த்தபடியே, "கடையில இன்னொரு ஆள் இருந்தா உங்களுக்கு உதவியா இருக்குமா மாமா" என்றார். நான் இரை கோத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக எல்லோருக்கும் சொல்லிப் பழகிய பதில் தானாக வந்தது. "ஆள் எதுக்கு மாப்பிள்ளை, ரெண்டு வருஷம் நம்மகிட்ட முடிச்சு கத்துக்குவான், மூணாவது வருஷம் எதிர்லயே கடை போடுவான்" என்றேன். வானொலி சிரித்தார், மாப்பிள்ளையும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே என்னிடம் ஒரு பச்சை மணி கேட்டு வாங்கித் தன் தூண்டில் நரம்பில் கோத்தார். கடைசியில் நம் சரக்குக்கு வந்துவிட்டார் பார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. கை எதையாவது செய்துகொண்டிருந்தால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் வாங்கியிருக்கிறார் என்பது இப்போது புரிகிறது.

அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிப்போனதை உன் அம்மாவிடம் சொன்ன நீ, அப்பாவிடம் அவரே கேட்கட்டும் என்று விட்டுவிட்டாயாம். உன்மேல் தப்பில்லை. கடைக்குள் ஒருவன் கால் வைக்கும்போதே வாங்க வந்தவனா வேடிக்கை பார்க்க வந்தவனா என்று சொல்லிவிடுவேன், அந்த ஒரு சாமர்த்தியத்தில்தான் இந்தக் கடையே எழும்பியது. தோளோடு தோள் உரச நின்று கேட்ட நம் வீட்டுப் பிள்ளையின் குரல் எனக்குப் பிடிபடவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், இது உன் அம்மாவுக்கும் தெரியாது. மணியின் துளை எனக்கு இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை, விரலால் தடவித்தான் கோக்கிறேன். துளையின் விளிம்பு கூராக இருந்த மலிவு மணிகள் கொஞ்சம் சரக்கில் கலந்து வந்ததைக் கவனிக்காமல் கட்டி விற்றுவிட்டேன், ஒருவருக்கு நல்ல மீன் மாட்டிய நேரத்தில் நரம்பு அறுந்துபோயிற்று. அவர் திட்டவில்லை, "உங்க கடை முடிச்சுன்னு நம்பி வீசினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம். ஆகவே எனக்கு ஆள் வேண்டும் என்பது பரிதாபத்தில் சொல்வதல்ல, பரிதாபப்பட்டு ஆள் சேர்க்கிற வழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்கே தெரியும்.

இப்போது மாப்பிள்ளை கப்பல் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம், மாதக்கணக்கில் அவர் கடலில், நீ அந்த நாலாம் மாடியில் தனியாக. நினைத்தால் சோறு இறங்கவில்லை. நேற்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். "சொல்லுங்க மாமா" என்றார், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கப்பல் போகிற இடத்தில் தண்ணீர் தெளிவா கலங்கலா என்று கேட்டேன், தெரியவில்லை என்றார், உடனே எதற்கு எந்த நிற மணி என்று ஆரம்பித்து அவர் கிளம்ப வேண்டும் என்று சொல்லும்வரை பேசிவிட்டேன். போனை வைத்த பிறகு உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வாயால் முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போட்ட கையெழுத்தை அவர் முறிக்க வேண்டாம், போய் வரட்டும். ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. நீ படித்துக் காட்டாதே, எனக்காகப் பரிந்தும் பேசாதே, அவரே படிக்கட்டும். அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். உதவியாக இருக்கும் மாப்பிள்ளை. ரொம்ப உதவியாக இருக்கும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும். தனியாக இருக்கும் நாட்களில் வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி உள்தாழ்ப்பாளைப் போட மறக்காதே. என்மேல் கோபம் இருந்தால் அதைச் சொல்வதற்காவது ஒருமுறை கூப்பிடு.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அப்பா